மூட்டைக்கு ஒரு கை புளி

சின்னக்குழந்தை என்று பெயர் வைத்தவர்கள், அவளுக்கும் ஒருநாள் நாற்பத்தெட்டு வயதாகும் என்று நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. ஜவ்வாது மலையில் அவளுடைய ஊரையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்தால் ஏழெட்டு குக்கிராமங்கள் தேறும். அங்கே விளைகிற புளியோ சாமையோ கடுக்காயோ எதுவானாலும், அவள் கோணி ஊசியால் தைத்த பிறகுதான் மலை இறங்கும். பள்ளிக்கூடத்துப் பக்கம் அவள் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனாலும் லாரி ரசீதுகளைக் கலரை வைத்தே பிரித்துவிடுவாள். வெள்ளை, சரக்கு வாங்குகிறவருக்கு. ரோஸ், டிரைவருக்கு. மஞ்சள், ஆபீசுக்கு. பச்சை நமக்கு. வேலூர் லாரி ஆபீஸ் குமாஸ்தா அருணகிரியே அவசரத்தில் மாற்றிக் கொடுத்து, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சரக்கு அனுப்புவதில் உள்ள வகைகளும் அவளுக்கு அத்துப்படி. ஒன்றிரண்டு மூட்டை என்றால் பஸ் மேலே போட்டுவிடும் பார்சல். பத்திருபது என்றால், நாலு பேர் சரக்கோடு சேர்ந்து போகும் பார்ட் லோடு. லாரி முழுக்க ஒரே ஆளுடைய சரக்கு என்றால் அது ஃபுல் லோடு. மலைப்புளி பதினைந்து வருஷமாகப் பார்ட் லோடாகத்தான் போனது. மண்டிக்குப் போனதும் வேறு யார் பெயரிலோ கலந்து, யாருடைய புளியோ ஆகிவிடும். அதை நினைத்தால் அவளுக்கு வயிறு எரியும்.

எண்பத்தாறாம் வருஷம் அந்த எரிச்சலுக்கு மருந்து கிடைத்தது. சிங்கப்பூருக்குச் சரக்கு ஏற்றும் மெட்ராஸ் கம்பெனி ஒன்று, ஒரு லாரி புளி நேராக மலையிலிருந்தே வேண்டும் என்றது. நூற்றைம்பது மூட்டை, மூட்டைக்கு அறுபது கிலோ. ரசீதில் அனுப்புகிறவர் என்ற இடத்தில் முதல்தடவையாக, மலைக்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கத்தின் பெயர். கப்பலை மட்டும் தவறவிடக் கூடாது, தவறினால் அடுத்த ஆர்டர் கிடையாது என்று கம்பெனி கண்டிப்பாகச் சொல்லியிருந்தது.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. அளந்ததற்கு மேல் கை நிறைய அள்ளிப் போட்டால்தான் கொடுத்ததாகக் கணக்கு. அளவோடு நிறுத்திக்கொள்கிறவரை யாரும் கஞ்சன் என்று திட்டமாட்டார்கள், அவரோடு பேச்சையே குறைத்துக்கொள்வார்கள். தராசில் அறுபது காட்டியதும் சின்னக்குழந்தை இரண்டு கையாலும் புளியை அள்ளி, அமுக்கி, உள்ளே போட்டுத்தான் வாயைத் தைப்பாள். பார்ட் லோடில் போன பத்து மூட்டையில் அது யார் கண்ணிலும் பட்டதில்லை. நூற்றைம்பது மூட்டையில் படாமல் இருக்குமா?

செவ்வாய்க்கிழமை லாரி கிளம்பியது. ஊரே நின்று பார்த்தது. வியாழக்கிழமை காலையில் ஜீப் டிரைவர் கோபால்சாமி வந்து, "யக்கா, லோடு மெட்ராஸ்ல நின்னுட்ச்சாம். உன்ன உடனே வேலூர் ஆபீசுக்கு வரச் சொல்றாங்க" என்றார்.

அவள் பச்சை ரசீதை மடியில் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். அடிவாரத்து அமிர்தியில் இறங்கி பஸ் பிடித்து, நண்பகலுக்குள் அருணகிரியின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"இன்னா தம்பி ஆச்சு?"

அருணகிரி ஒரு நீளக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். வெளியூரிலிருந்து தந்திபோல வரும் சேதியைத் தானே அடித்துத் தரும் டெலக்ஸ் மெஷின் ஆபீசுக்குப் புதிதாக வந்திருந்தது, அது கொடுத்த காகிதம். "எடைமேடையில நிறுத்திருக்காங்கக்கா. ரசீதுல ஒன்பதாயிரம் கிலோ. சரக்கு ஒன்பதாயிரத்து நூத்தம்பது. ரசீதப் பாத்து கப்பல் பேப்பர்லயும் ஒன்பதாயிரம்னுதான் அடிச்சிருக்கு. ரெண்டும் ஒத்துப்போவலன்னா ஏத்த மாட்டாங்களாம். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சரிபண்ணணும்."

சின்னக்குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "கொறஞ்சா கேக்கலாம். கூடக் குடுத்தா இன்னாத்துக்குக் கேக்கறாங்க?"

"கூடக் குடுத்தியா?"

"மூட்டைக்கு ஒரு கை போட்டேன். நாம போடாம யாரு போடுவா?"

அருணகிரி தலையில் கைவைத்துக்கொண்டார். எடையை அவள் சொன்னபடியே ரசீதில் எழுதியவர் அவர்தான். கூடுதலை எடுத்துவிடச் சொல்லி அடித்துவிடலாமா என்று கேட்டார்.

"போட்ட கைய திருப்பி எடுக்கறதா? அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு மலை ஏறுவேன்? மூட்டையில கை வெக்காத. பேப்பர மாத்தச் சொல்லு."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் நிலைமை தெரியும். லோடு திரும்பி வந்தால் ஏழெட்டு ஊருக்கும் பதில் சொல்ல வேண்டியவள் அவள். மலையின் பெயர் ஒரே ஒரு ரசீதோடு முடிந்துபோகும்.

அருணகிரி மெஷின் முன் உட்கார்ந்து, மலை வழக்கத்தை இங்கிலீஷில் தட்டினார். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. யாரும் தொடாமலே மெஷின் கடகடவென்று பதில் அடிக்க ஆரம்பித்தது. சின்னக்குழந்தை ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"எல்லா மூட்டையும் ஒரே எடையான்னு கேக்கறாங்கக்கா. ஒரே எடைன்னா பேப்பர்ல ஒரே திருத்தம், அரைமணி நேர வேலை. முன்னப்பின்ன இருந்தா நூத்தம்பதையும் ஒவ்வொண்ணா நிறுத்தணும், கப்பல் போய்டும்."

"நூத்தம்பதும் என் ஒருத்தி கைதானே. எப்படி மாறும்? வேணும்னா நிறுத்திப் பாக்கச் சொல்லு."

அருணகிரி அதையும் தட்டினார். அதன்பின் மெஷின் வாயைத் திறக்கவில்லை. மூன்று மணி ஆனது, மூன்றரை ஆனது. அவர் வாங்கி வைத்த டீயை அவள் தொடவே இல்லை. மடியிலிருந்த பச்சை ரசீதை எடுத்துப் பார்த்தாள், மறுபடி செருகினாள்.

நாலு மணிக்கு மணி அடித்தது. ஓடிவரும் எழுத்துக்களை அருணகிரி எழுந்து நின்றே படித்தார்.

"இருபது மூட்டைய உருவி நிறுத்திருக்காங்க. இருபதும் அறுபத்தொண்ணு. கால் கிலோ கூட மாறலியாம். பேப்பர மாத்திட்டாங்க. லோடு ஏறுதுக்கா." சற்று நிறுத்தி, "கடைசில இன்னொண்ணு அடிச்சிருக்காங்க. அந்தத் தராசு எந்தக் கம்பெனியோடதுன்னு கேக்கறாங்க" என்றார்.

சின்னக்குழந்தை தன் இரண்டு கைகளையும் ஒருதரம் பார்த்துக்கொண்டாள். பிறகு ஆபீஸ் அதிரச் சிரித்தாள். மூட்டை தூக்குகிறவர்கள்கூட வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். சந்தோஷம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. டெலக்ஸ் காகிதத்தைக் கேட்டு வாங்கினாள். அதற்குக் கலரும் இல்லை, சீலும் இல்லை, கையெழுத்தும் இல்லை. இருந்தாலும் பச்சை ரசீதோடு சேர்த்து மடித்து வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த ஆர்டர் வந்தது. அருணகிரி தாளை எடுத்துக்கொண்டு தானே மலை ஏறி வந்தார். இந்தத் தடவை முன்னெச்சரிக்கையாக மூட்டைக்கு அறுபத்தொரு கிலோ என்றே அடித்திருந்தார்கள்.

"பாத்தியாக்கா, உன் கையையும் சேத்தே பேப்பர்ல போட்டுட்டாங்க. இனிமே தகராறே கெடையாது."

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. முதல் மூட்டையைத் தராசில் ஏற்றினாள். முள் அறுபத்தொன்றில் நின்றது. அருணகிரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து, இரண்டு கை நிறையப் புளியை அள்ளி, அமுக்கி, உள்ளே போட்டாள்.

"இன்னாக்கா இது? அறுபத்தொண்ணு சரியா இருக்குதே."

"அது அவங்க கேட்டது, தம்பி" என்றாள் சின்னக்குழந்தை, ஊசியில் சணலைக் கோத்துக்கொண்டே. "நாம குடுக்க வேணாமா?"

அருணகிரி பேனாவை எடுத்து, ரசீதில் அறுபத்திரண்டு என்று எழுதினார்.