பிளேட் போடாத படம்

1. திண்டிவனம்

காலை ஐந்து நாற்பதுக்குத் திண்டிவனம் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தேன். முதலில் கண்ணில் பட்டது, கரி பஸ்ஸின் பின்னால் குந்திக்கொண்டு அடுப்புக்குக் காற்றுச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த ஓர் ஆள். யுத்த காலம். பெட்ரோல் இல்லை; கரியை எரித்து வரும் வாயுவில்தான் பஸ் ஓடியது. பஸ் கிளம்ப ஒரு மணி நேரம் ஆகும் என்றார். அதற்குள் ஊரிலிருந்த பழைய கிறிஸ்தவக் கோயிலையும் அதன் கல்லறைத் தோட்டத்தையும் படம் எடுத்து முடித்தேன்.

நான் அப்போது சென்னையில் ஒரு வாரப் பத்திரிகைக்கு போட்டோகிராபர். பழைய கிராமத்து மாதா கோயில்கள், வெள்ளைக்காரர் கல்லறைகள் பற்றி ஒரு சிறப்பிதழ். ஆசிரியர் பன்னிரண்டு கண்ணாடி பிளேட் கொடுத்தார்; ஒரு பிளேட்டுக்கு ஒரு படம். "கப்பல் வர்றதில்லை. இதுக்கு மேல ஒண்ணு கேக்காதே. முகையூர்ப் பக்கம் இருக்கிற வெள்ளைக்காரக் கலெக்டர் சமாதியில எழுத்து ஒவ்வொண்ணும் படிக்க வரணும்" என்றார்.

விழுப்புரம் வரை பிளேட் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன்.

"சாமி, பொட்டிய கீழ வெச்சா கடிச்சிடுமா?" என்றார் கண்டக்டர்.

"கண்ணாடி. உடைஞ்சா வேலை போயிடும்."

"எங்க பஸ்லயா கண்ணாடிய எடுத்துக்கினு வந்தீங்க? நல்ல ஆளுதான்!"

ஒன்றும் உடையவில்லை. வழியில் இரண்டு ஊர்களில் இறங்கி எடுத்தேன். விழுப்புரத்தில் ஜட்கா பிடித்து முகையூர்ப் பக்கம் அந்தச் சமாதி இருந்த கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. இரண்டு பிளேட் மிச்சம்.

2. மதிலுக்கு வெளியே

கலெக்டர் சமாதி கோயில் மதிலுக்கு உள்ளே இருந்தது. கூலி வேலை செய்கிறவர்களைப் புதைக்கிற இடம் மதிலுக்கு வெளியே, ஏரிக்கரை ஓரம். அங்கே ஒரு குழி வெட்டியிருந்தது. பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் இருபது வயதுப் பெண்ணின் உடல். இருபது பேர் சுற்றி நின்றார்கள்.

ஒருவர் என் கேமராவைப் பார்த்து ஓடி வந்தார். சவரிமுத்து, பெண்ணின் தகப்பனார்.

"ஐயா, படம் புடிக்கிறவங்கதானுங்களே? எம் பொண்ணுங்க. பத்து நாள் ஜுரம். மாப்ள பட்டாளத்துல கீறாரு. கண்ணாலம் ஆயி நாலு மாசத்துல போனவரு, ரெண்டு வருசமா வர்ல. அவருகிட்ட காட்ட எங்ககிட்ட ஒண்ணும் இல்லீங்க. ஒரே ஒரு படம்."

கோயிலில் ஜெபம் சொல்லும் உபதேசியார் குறுக்கே வந்தார். "அவரு பேப்பர்காரருப்பா. ஒன் வூட்டு வேலைக்கா வந்தாரு? வுடு."

கட்டிலருகே இருந்த ஒரு அம்மாள் தலை நிமிராமல் சொன்னார்: "கல்ல புடிக்க வந்தவரு எங்க புள்ளய புடிச்சா பொட்டி தேஞ்சிடுமா?"

எடுக்கிறேன் என்றேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன். கல்யாணப் புடவையைப் போர்த்தி எடுக்கவேண்டும் என்று ஒரு பெண் வீட்டுக்கு ஓடினாள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் சமாதியை முடித்துவிடலாம் என்று உள்ளே போனேன்.

முதல் பிளேட்டைப் போட்டேன். ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் வேப்பங்கிளை ஒன்று அசைந்தது. எழுத்தின் மேல் நிழல் விழுந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. ஆசிரியர் முகம் ஞாபகம் வந்தது. இரண்டாவது பிளேட்டையும் அதே சமாதிக்குப் போட்டேன்.

வெளியே வந்தபோது புடவை வந்திருந்தது. முகத்தைத் துடைத்து, தலை வாரி, பூ வைத்திருந்தார்கள். படத்தில் முகம் தெரியவேண்டும் என்று கட்டிலின் தலைப்பக்கத்தை இரண்டு ஆண்கள் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

பத்திரிகை போட்டோகிராபர்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கூட்டம் விடாமல் கேட்டால், எடுத்து முடித்த பிளேட் இருக்கும் மரக்கூட்டையே, ஸ்லைடு என்போம், கேமராவில் சொருகி, அதன் மூடியை உருவாமல் ஷட்டரை மட்டும் அழுத்துவோம். படம் எதுவும் பதியாது; பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. கல்யாண வீடுகளில், கட்சிக் கூட்டங்களில் நான் எத்தனையோ முறை செய்திருக்கிறேன்.

"அசையாதீங்க" என்றேன். தூக்கிப் பிடித்தவர்கள் அப்படியே நின்றார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள். ஷட்டரை அழுத்தினேன்.

"வுழுந்துடுச்சுங்களா?" என்றார் சவரிமுத்து.

"விழுந்துடுச்சு."

ஆபீஸ் விலாசத்தைக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.

3. கார்டுகள்

சமாதிக்குப் போட்ட முதல் பிளேட்டே நன்றாக வந்திருந்தது. நிழல் விழவில்லை. ஆசிரியர் அரைப் பக்கத்துக்குப் போட்டார். இரண்டாவதை யாரும் கேட்கவில்லை.

உபதேசியார் கையெழுத்தில் மூன்று கார்டு வந்தன. மூன்றிலும் ஒரே விஷயம்: படம் எப்போது கிடைக்கும், மாப்பிள்ளைக்கு எழுதிவிட்டோம். நான் பதில் போடவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாததால் அல்ல, தெரிந்ததால்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் மாப்பிள்ளை அந்தோணி பட்டாள பூட்ஸோடு ஆபீசுக்கு வந்தார். "மாமா அனுப்பிச்சாருங்க. படம் ஒங்ககிட்ட கீதுன்னு."

பிளேட் உடைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அதை நம்பியிருப்பார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அப்ப அவங்கல்லாம் எதுக்கு அசையாம நின்னாங்க?" என்றார்.

அதற்குப் பிறகு நான் பிளேட் போடாமல் ஷட்டரை அழுத்தியதில்லை. இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுவேன், திட்டு வாங்குவேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதை முதல் நாளே பழகிக்கொள்ளலாம். நான் பழகியதால் அந்தோணிக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை.

"அவ படுத்திருக்கற எடத்தயாவது எடுத்துக் குடுங்க" என்று அன்று ஆபீசில் அவர் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். ஏரிக்கரை ஓரம் மண்மேடுகள் அதிகமாகியிருந்தன. பழைய மேடுகள் மழையில் கரைந்து தரையோடு தரையாகிவிட்டன. மரச் சிலுவை ஒன்றுகூட நிற்கவில்லை. சவரிமுத்து பனைமரத்துக்குக் கிழக்கே ஓர் இடத்தைக் காட்டினார்.

"அது இல்லப்பா, இங்க. ஜெபம் சொன்னவன் நான்தானே?" என்று உபதேசியார் பத்தடி தள்ளிக் காட்டினார்.

சவரிமுத்து முதலில் மறுத்தார். பிறகு, "தெரியிலீங்க" என்றார்.

இரண்டு இடங்களையும் தனித்தனி பிளேட்டில் எடுத்தேன். அந்தோணி மறுபடி ஆபீசுக்கு வந்து இரண்டு பிரிண்ட்டையும் வாங்கிக்கொண்டு போனார்.