ஏற்றுமதி மின்விசிறிகளுக்கு வைத்த பொட்டு

மின்விசிறிக்கும் பருவம் உண்டு என்பது வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தை பிறந்தால் கடைக்காரர்கள் லாரியை அனுப்பிவிட்டுக் கேட்டிலேயே காத்துக் கிடப்பார்கள். ஆடி வந்துவிட்டால் ஒரு பயலும் எட்டிப் பார்க்க மாட்டான். நாலு தூறல் விழுந்ததும் கேஷுவல் ஆட்களை, அதாவது எங்களை, "சொல்லி அனுப்புறோம்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்குப் போக்கிடம் ஒன்றுதான். பொன்னேரிப் பக்கத்தில் என் அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போகும் வயல். நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டுவிட்டு, கால் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணோடு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முழங்கால் போடுவேன். இந்தச் சேற்றில் இனிக் கால் வைப்பதில்லை என்று வருஷா வருஷம் சொல்லிக்கொள்வேன். வருஷா வருஷம் போவேன்.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் அந்த டேபிள் ஃபேன் கம்பெனி இருந்தது. நான் பேக்கிங்கில். எல்லாம் பெண்கள், எல்லாம் கேஷுவல். எங்களுக்குள் மூத்தவள் ஆரணி அக்கா. பட்டுப்புடவை ஆரணி இல்லை, எங்கள் பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணி. புருஷன் கை ஒடிந்து வீட்டில் கிடந்தான். அவளும் நானும் காலையில் ஒரே பாசஞ்சரில் வருவோம். அந்த ரயில் எப்போது வரும் என்பது அதை ஓட்டுகிறவனுக்கே தெரியாது. லேட்டானால் கேட்டில் திட்டு வாங்குவது நாங்கள்.

ஒரு வருஷம் ஆடியிலும் எங்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. அரபு நாட்டிலிருந்து ஆர்டர் வந்திருந்தது. மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு நிற்க வைத்துப் பேசினார். அவர் திருவள்ளூர்க்காரர், பெருமாள் கோயில் கைங்கர்யக் குடும்பம், நெற்றியில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. "நம்ம ஊர்ல ஃபேன் பண்றவா ஜாஸ்தியாயிட்டா. இங்கேயே வித்துண்டிருந்தா கட்டாது. அங்கே வருஷம் பூரா வெயில். இந்த லோடு நல்லபடியாப் போயிடுத்துன்னா அடுத்தடுத்து வரும். அப்புறம் உங்களையெல்லாம் பெர்மனன்ட் பண்ணிடலாம்" என்றார்.

பெர்மனன்ட். அந்த ஒரு வார்த்தைக்கு நாங்கள் மாடு மாதிரி உழைத்தோம். உள்ளூர் ஃபேன் என்றால் வைக்கோலைத் திணித்துப் பெட்டியில் அடித்துவிடுவோம். வெளிநாட்டுக்கு வைக்கோல் ஆகாதாம், பூச்சி போகுமாம். காகிதச் சுருள்தான் வைக்க வேண்டும். விரல் ரேகை பட்டால்கூடத் திருப்பிவிடுவார்கள் என்று, பனியன் துணியால் துடைத்துத் துடைத்துத் தோள்பட்டை கழன்றது. நடுவில் கரண்ட் கட் வேறு. பெயிண்ட் சுடுகிற அடுப்பு நின்றுவிடும், நாங்கள் வெந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். அத்தனை ஃபேனுக்கு நடுவில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொள்வோம்.

கடைசி ஃபேனும் தயாரானது ஆயுத பூஜை அன்று. வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள் கலந்த மாதிரி நிறம், வரிசை வரிசையாக ஷெட் முழுக்க நின்றன. பூஜை முடிந்ததும் இன்ஸ்பெக்ஷன், அது முடிந்ததும் பெட்டி, பெட்டி போட்டதும் ஹார்பர். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்துவிட்டு, மேனேஜர் தட்டோடு எங்கள் ஷெட்டுக்கு வந்தார். முன்னால் நின்ற ஃபேனின் அடித்தட்டில் சந்தனத்தைத் தொட்டு வைத்து, மேலே குங்குமமும் வைத்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு தட்டை ஆரணி அக்கா கையில் கொடுத்தார். "ஒண்ணுகூட விட்டுடாதீங்கோ. கடல் தாண்டிப் போறது" என்றார்.

ஒன்றுகூட விடவில்லை. வீட்டில் புதுச் சாமான் வந்தால் யார்தான் பொட்டு வைக்காமல் இருப்பார்கள்? யாருக்கும் அது தப்பென்றே தோன்றவில்லை. நான் சும்மா நிற்பதைப் பார்த்து அக்கா சீண்டினாள். "இன்னாடி, உங்க ஏசு கோச்சிக்குவாரா?"

"அவுருக்கு இருக்கற பேஜார்ல இதப் பாக்கவா நேரம்? குடுக்கா" என்று வாங்கி நானும் வைத்தேன். மனசாரத்தான் வைத்தேன். சாயங்காலம் அம்மா பார்த்தால் வம்பு என்று பம்படியில் விரலைத் தேய்த்துக் கழுவினேன். லேசில் போகவில்லை.

பூஜை லீவு முடிந்து வந்தோம். காய்ந்த சந்தனத்தைத் தட்டிவிட்டால் அடியில் ரோஸ் நிறத்தில் வட்டமாகக் கறை. மலிவுக் குங்குமம். அதில் இருந்த சாயம் ஈரச் சந்தனத்தோடு புதுப் பெயிண்டுக்குள் இறங்கிவிட்டது. மண்ணெண்ணெய் போட்டோம், கறை பரவியது. தின்னர் போட்டோம், பளபளப்பு போய் அந்த இடம் சொறி பிடித்த மாதிரி ஆனது. ஆரணி அக்கா ஒரு ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான்தான் பிடுங்கி வைத்தேன். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் முதல் வரிசையைப் பார்த்தார், இரண்டாவது வரிசையைப் பார்த்தார், பேனாவை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும். கரண்ட் இல்லை. கப்பல் போய்விட்டது. அரபுக்காரன் ஜப்பான் ஃபேன் வாங்கிக்கொண்டானாம்.

சென்னை ஹெட் ஆபீஸிலிருந்து ஒருவர் விசாரிக்க வருவதாகச் சொன்னார்கள். அவர் வருகிற அன்று காலையில் மேனேஜர் என்னை மட்டும் கூப்பிட்டார். அவர் முகத்தில் தூக்கம் இல்லை. "நீ கிறிஸ்டியன், பொட்டு வெக்கறதில்லை. நீ இதுல சேர்ந்திருக்க மாட்டே. நீ சொன்னா நம்புவா. இவாளாவே வெச்சுட்டான்னு சொல்லிடும்மா. உன்னை நான் பெர்மனன்ட் பண்ணிடறேன், பெருமாள் சத்தியமா" என்றார்.

அவர் சத்தியம் பொய்யில்லை என்று இன்றும் நம்புகிறேன். செய்திருப்பார். எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். கேஷுவலுக்குத் தராத நீல நிற யூனிஃபார்ம் புடவையை அங்கேயே மனசுக்குள் கட்டிப் பார்த்துவிட்டேன். பதில் ஒன்றும் சொல்லாமல் ஷெட்டுக்கு வந்தேன். அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் பனியன் துணியை உதறி மடித்து வைத்தாள்.

ஹெட் ஆபீஸ்காரர் சஃபாரி சூட் போட்டிருந்தார். எங்களை வரிசையாக நிற்க வைத்து, யார் வைத்தது என்று கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மேனேஜர் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு சொல்லும் சார்" என்றார். சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த ஃபேனின் இறக்கையை இப்போதுதான் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி விரலால் சுற்றிவிட்டுக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. நியாயம், சத்தியம் எதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்த விரலைப் பார்த்து வந்த எரிச்சல்தான்.

"மொதப் பொட்டு சார்தான் வெச்சாரு. ஒண்ணுகூட விடாதீங்கன்னு சொன்னாரு. அதுக்கப்புறம் நாங்க வெச்சோம். நானுந்தான் வெச்சேன்" என்றேன்.

மேனேஜர் மறுக்கவில்லை. விரல் நின்றது. ஹெட் ஆபீஸ்காரர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, போங்க" என்றார்.

மேனேஜரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஏற்றுமதியே வேண்டாம் என்று கம்பெனி முடிவு செய்தது. வெளியில் ஜப்பான், ஹாங்காங் சாமானோடு மல்லுக்கு நிற்க முடியாது என்று ஏற்கெனவே யோசனை இருந்ததாம், எங்கள் பொட்டு ஒரு சாக்கு. கறை பட்ட ஃபேன்களை அப்படியே உள்ளூர்க் கடைகளுக்குத் தள்ளினார்கள். தை பிறந்ததும் எல்லாம் விற்றுவிட்டதாம். கறை இருந்த இடத்திலேயே ஜனங்கள் பொட்டு வைத்துக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு, "சொல்லி அனுப்புறோம்."

எங்களை அனுப்பிய அன்று திரும்பும்போது பாசஞ்சரில் இடம் இருந்தது. ஆரணி அக்கா எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். நான் செய்தது சரி என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பொன்னேரி நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அவுரு சொன்னத சொல்லிட்டுப் போயிருக்கலாம்டி நீ."

"உங்க மேல பழியப் போட்டா?"

"போடேன். பழி இன்னா பண்ணும் எங்கள? எப்பிடியும் வெளியதான் நிக்கறோம். நீ ஒருத்தி உள்ள இருந்திருந்தா, அடுத்த சீசனுக்கு எனக்கு ஆள் அனுப்பிச்சிருப்பே. இவளுங்கள ஒருத்தி ஒருத்தியா உள்ள இட்டுக்கினு இருந்திருப்பே. இப்ப உள்ள யாருடி இருக்கா நமக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்று பட்டதால் இன்னும் கோபம் வந்தது. ஸ்டேஷனில் இறங்கி அவள் ஆரணி பஸ்ஸுக்குப் போனாள், நான் நடந்து ஊருக்குப் போனேன். மறுவாரம் மழை பிடித்துக்கொண்டது. விடியும்போது அம்மா என்னை எழுப்பினாள், அவளோடு நடவுக்குப் போனேன்.