மறைத்த சிவப்புப் பூ

என் மகள் ஒற்றை இன்ஜின் விமானம் ஓட்டப் படித்து முடித்தவள். ரெட்டை இன்ஜினுக்குத் தனியாக ஒரு பரீட்சை உண்டு, தேறினால்தான் வேலை கிடைக்கும் என்றாள். நான் அஞ்சாவதோடு நின்றவள். இன்ஜின் இரண்டு இருந்தால் பயம் பாதியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

"அப்படி இல்லீங்கம்மா. ஒண்ணு நின்னுபோச்சுன்னா, ஓடற இன்னொண்ணு விமானத்த ஒரு பக்கமா இழுக்கும். நின்னது எதுன்னு உடனே கண்டுபிடிக்கோணும். தப்பா, ஓடறத அணைச்சுபோட்டா அவ்வளவுதான். பரீட்சைல வேணும்னே ஒண்ண நிறுத்துவாங்க."

"ஓடறத எதுக்கு கண்ணு நிறுத்தறாங்க? அவங்களுக்கு வேற சோலி இல்லையா?"

சிரித்தாள். "பயமா இருந்தா சாமிகிட்ட பூக் கேட்டுப்போட்டு சொல்லுங்க" என்று சொல்லி, பரீட்சைக்காக வெளிமாநிலத்துக்கு ரயிலேறினாள்.

எங்கள் பக்கம் கல்யாணமானாலும் போர் போடுவதானாலும் பூக் கேட்காமல் தொடங்க மாட்டோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். பூசாரி சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் சம்மதம். பரீட்சைக்கு முந்தின நாள் துடியலூரிலிருந்து பஸ் ஏறி எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போனேன். பின்னால் ஆட்கள் நின்றதால் கேட்க வாய் வரவில்லை.

"சத்தமா கேளுங்க அம்மணி. சாமிக்குக் காது கேக்க வேண்டாமுங்களா?" என்றார் பூசாரி. எல்லோரும் சிரித்தார்கள்.

"எம்புள்ள ரெட்டை இன்ஜின் ஓட்டலாமா" என்று மட்டும் முணுமுணுத்தேன். நாளைய பரீட்சை என்று சொல்ல விட்டுப்போயிற்று.

பொட்டலத்தைப் பிரித்தேன். சிவப்பு.

மறுநாள் விடிந்ததும் போன் வந்தது. "பூ என்னம்மா வந்துச்சு?"

"வெள்ளை, கண்ணு."

அன்று உலை வைக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டு இருந்தேன். மதியம் கூப்பிட்டாள்.

"தேறிட்டேனுங்கம்மா! இன்ஜின நிறுத்துனதும் கை நடுங்கிருச்சு. வெள்ளைதான வந்துச்சுன்னு நெனச்சேன். நடுக்கம் போயிருச்சு."

இப்போது அவள் வேலையில் இருக்கிறாள். தலைக்கு மேல் விமானம் போனால் நான் வாசலுக்கு வருவதில்லை. நாள் சொல்லாமல் கேட்டேன், நாள் சொல்லாமல்தான் பதிலும் வந்தது. அவள் ஏறும்போதெல்லாம் அந்தப் பதிலும் கூட ஏறுகிறது. மறுபடி போய்க் கேட்கலாம். மறுபடியும் சிவப்பு வந்தால்?

உண்மையைச் சொல்லிவிட இரண்டு தரம் வாயெடுத்தேன். சொன்னால் அவள் கை மறுபடி நடுங்குமே. "சாப்பிட்டயா கண்ணு" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுகிறேன்.