கேன்சரைக் கிளப்பிவிட்டவள்

ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கிற வேலை எப்படியென்று மாடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்லாமலே புரியும்: லீவு என்று ஒன்று கிடையாது. அதைவிடக் கொடுமை, பக்கத்து மேசைக்காரியின் செல் நம்முடையதைவிட நன்றாக வளர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது. அந்த வயிற்றெரிச்சல் பட்ட சக பாவிகளே, கேளுங்கள்.

இடம் பத்தலையாம்

தேவகியும் நானும் ஆரணியில் ஒரே தெரு. தினமும் ஒரே பஸ்ஸில் வேலூர் போய், ஒரே மேடத்திடம் ஆராய்ச்சி செய்கிறோம். அவள் வளர்ப்பது கல்லீரல் புற்றுநோய் செல். நான் வளர்ப்பது ரத்தக் குழாயின் உள்சுவரில் இருக்கிற செல். அவளுடையது தீனி போட மறந்தாலும் தட்டு நிறைய மண்டிவிடும். என்னுடையதோ, கதவை வேகமாகச் சாத்தினாலே உயிரை விட்டுவிடும் ரகம்.

ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் மொத்தமும் செத்து மிதக்கிறது. நான் அழாத குறையாக நிற்கிறேன். அவள் தன் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சொன்னாள்:

"ஐயோ, எனக்கு வைக்க எடமே பத்தலைடி!"

வெறும் வயிறு

தெருவில் அவள் "கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கிற பொண்ணு". புடவை வியாபாரி வண்டியை நிறுத்தி அவளை நலம் விசாரிப்பார். என்னைப் பார்த்தால் ஹாரன்தான். ரத்தக் குழாய் என்று நான் எவ்வளவு விளக்கினாலும் யாருக்கும் ஏறவில்லை.

எதிர்வீட்டில் பட்டுத் தறிக்கு நூல் பாவு ஓட்டுகிற சம்பந்தம் அண்ணன் ஒருநாள் பஸ்ஸுக்கு ஓடும்போது மடக்கி, விரலை நீட்டினார். தேவகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னும் காபிகூட குடிக்கலம்மா. ஜல்தியா ரத்தம் எடுத்துகினு, சுகர் எவ்ளோன்னு சொல்லு!"

யார் முன்னால்?

இருவரும் சேர்ந்து ஒரே கட்டுரை எழுதச் சொன்னார் மேடம். முதலில் யார் பெயரோ, ஆராய்ச்சி அவருடையது என்பார்கள். அடுத்த வேலையும் அதை வைத்துத்தான். அவள் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

நுண்துளைச் சவ்வு போட்ட கிண்ணத்தில் மேலே அவள் செல், கீழே என் செல். தனியாக வைத்தால் அவளுடையது நகரவே இல்லை. கீழே என் செல் இருந்தால், அது அனுப்புகிற சமிக்ஞையை நோக்கி அவளுடையது துளை வழியாக இறங்கியது. அந்தச் சமிக்ஞையைத் தடுத்துப் பார்த்தேன். அவள் செல்லில் பெரும்பாலானவை மேலேயே நின்றுவிட்டன. தேவகியின் முகம் சுண்டிப்போனது. பொய் சொல்வானேன், எனக்கு ஜில்லென்று இருந்தது. மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"நோய் அவளோடது. ஆனா அது பரவ வழி காட்டுறது உன் செல்லுதான். உன் பேரே முதல்ல வரட்டும்."

தெருவுக்குச் சேதி வந்தது

அன்று பஸ்ஸில் ஆரணி வரும்வரை தேவகி போனில் மேடம் சொன்னதை யாரிடமோ, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, விளக்கிக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதுதான் எரிச்சல். மறுநாள் காலை சம்பந்தம் அண்ணன் பாவு ஓட்டுவதை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் வந்தார். விரலை நீட்டவில்லை. அப்பாடா, கடைசியில் என் அருமை தெரிந்ததே என்று நிமிர்ந்து நின்றேன்.

"ஏம்மா, தேவகியோட கேன்சர் தேமேன்னு ஒக்காந்துகினு இருந்துச்சாமே, உன் செல்லுதான் அத கெளப்பி உட்டுச்சாமே?"

கட்டுரையில் என் பெயர் முதலில் வந்தும் என்ன, எங்கள் தெருவில் மருந்து அவளுடையது, நோய் என்னுடையது.