பிளாஸ்டிக்குக்குள் போன பத்து டாலர்

மனைவியின் தம்பி எனக்கு மச்சான் முறை. அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற யோசனையும் இல்லை.

ஒரு காலத்தில் அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர் வங்கிகள்கூடத் தங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுக் காசுத்தாள் வெளியிட்டன. சில ஊர்களில் வங்கித் தலைவரே ஒவ்வொரு தாளிலும் பேனையால் கையெழுத்து வைப்பாராம். சுவிஸில் பாடன் நகரில் இருந்துகொண்டு நான் சேர்ப்பது அவற்றைத்தான். கோதுமை விளையும் ஒரு குட்டி ஊரின் பத்து டாலர்த் தாளுக்காகப் பல வருடம் காத்திருந்தேன். அது இணைய ஏலத்துக்கு வந்த கிழமை, திரிம்பாக் கோயில் அன்னதானப் பந்தியில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் மச்சானுக்குக் கைபேசியில் காட்டித் தொலைத்தேன்.

ஏலத்தில் யாரோ என்னை விடாமல் துரத்தினார்கள். நான் கைவிட்ட இடத்தில் அந்த ஆள் வென்றான். அடுத்த மாதம் துன் நகரில் மச்சான் வீட்டில் அவர் மகளுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டி முடிந்ததும் அவர் அலுமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்து வந்தார்.

"அத்தான், உங்களைப் பாத்துத்தான் எனக்கும் ஆசை வந்தது."

ஏலத்தில் என்னைத் துரத்தியது இவர்தான். பிறகுதான் கவனித்தேன், தாள் பளபளத்தது. லேமினேட் செய்திருந்தார். நாங்கள் போருக்குத் தப்பி ஓடிவந்த சனம். பிறப்புச் சான்றிதழில் இருந்து பள்ளிக்கூட ரிப்போர்ட் வரை எல்லாவற்றையும் பிளாஸ்டிக்குக்குள் அடைத்தால்தான் எங்களுக்கு நித்திரை வரும்.

"இனித் தண்ணி பட்டாலும் ஒண்டும் செய்யாது" என்றார்.

சூட்டில் உருகிய பசை தாளோடு ஒட்டிவிட்டது. உரித்தால் மையும் சேர்ந்து வரும். சேகரிப்பவர் எவரும் இனி அதைத் தொடமாட்டார். இதை நான் அவருக்குச் சொல்லவில்லை. "நல்ல வேலை செய்தீர். பேர்ணில பழைய காசு விக்கிற கடையில ஒருக்காக் காட்டிப் பாருமன்" என்றேன். காட்டியிருக்கிறார். புத்தகத்துக்கு அடையாளமாக வைக்கலாம் என்றாராம் கடைக்காரர். மனைவி இதைக் கவலையோடு சொன்னபோது நான் இன்னொரு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு அவர் வீட்டில் எந்த விருந்து என்றாலும், ஆட்கள் நிறைந்ததும் கேட்பேன்: "மச்சான், அந்த அமெரிக்கன் நோட்டை எடுத்துக் காட்டுமன்." காட்டுவார். முகம் கறுத்துப் போகும். என்ன விலைக்கு வாங்கியது என்று யாராவது கேட்கும்வரை நான் எழும்புவதில்லை.

போன தைப்பொங்கலுக்கு அவர் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுத் தாளை நீட்டினார்.

"நீங்களே வச்சிருங்கோ அத்தான். காசும் வேண்டாம். இனி ஆக்களுக்கு முன்னால மட்டும் கேக்காதேங்கோ."

பிளாஸ்டிக்குக்குள் ஊர்ப் பெயர் வடிவாகத் தெரிந்தது. தலைவரின் கையெழுத்தும் அப்படியே இருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆசை. வாங்கினால் கதை முடிந்துவிடும்.

"சீ, உம்மட பொருள் உம்மட்டயே இருக்கட்டும்" என்று அதை அவருடைய சட்டைப்பையில் சொருகி, தோளில் கை போட்டு அவரை வரவேற்பறைக்குக் கூட்டி வந்தேன். புதிதாக வந்த விருந்தாளிகள் இருவர் அங்கே இருந்தார்கள்.

"மச்சானிட்ட ஒரு அருமையான நோட்டு இருக்கு" என்று தொடங்கினேன்.