பதினெட்டாம் நம்பர் வீட்டுச் சரிவு

குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை பார்க்கிறேன். பழைய பள்ளி நண்பன் ஒருவன் கூப்பிட்டதால்தான் ஒரு சேவைச் சங்கத்தில் சேர்ந்தேன். மாதம் இரண்டு முறை, புதன்கிழமை சாயந்திரம், தெங்கேராவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் கூட்டம் நடக்கும். எல்லாம் ஆங்கிலத்தில். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். எதற்குக் கை தட்டுகிறார்கள் என்பதே பல சமயம் எனக்குப் புரியாது. மூன்றாவது கூட்டத்தில் தண்ணீர் வேண்டுமென்று கடைப் பையனைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். அடுத்த திட்டத்துக்கு நான்தான் பொறுப்பு என்று எழுதிவிட்டார்களாம்.

சங்கத் தலைவி தாதி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் அவர் 'பிரசிடென்ட்', படி இறங்கியதும் எங்களுக்கு அக்கா. "பயப்படாத தம்பி, சின்ன வேலைதான்லா," என்று விளக்கினார். ஜாசின் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில், ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய ஓர் அம்மா இருக்கிறார். இனிப்புநீர் நோயில் ஒரு கால் போய்விட்டது. சக்கர நாற்காலி இருக்கிறது, ஆனால் வாசலில் மூன்று படி. அங்கே சிமெந்தில் ஒரு சரிவு போட்டு, பக்கத்தில் கைப்பிடிக் கம்பியும் வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரியில் சிமெந்தும் கல்லும் ஏற்றிக்கொண்டு ஆறு பேர் போனோம். பதினெட்டாம் நம்பர் வீட்டில் அறுபது வயதுக்காரர் ஒருவர் கதவைத் திறந்தார். ராத்திரிக் காவல், ஜாகா வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். சீருடைகூட மாற்றவில்லை.

"அண்ணே, அம்மா இருக்காங்களா?" என்றேன்.

"அம்மா இல்லிங்களே."

வெளியே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். "பரவால்லண்ணே. நாங்க சங்கத்துலருந்து வர்றோம். வாசல்ல சரிவு போடணும்."

அவர் படியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "சரி, போடுங்க," என்றார்.

பலகை அடித்து, கல் நிரப்பி, சிமெந்து ஊற்றி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அவர் தூங்கப் போகாமல் எங்களுக்குப் பால் இல்லாத தே ஓ கலக்கிக் கொடுத்தார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு வாசலை ஒரு முறை பார்த்தார்.

மறுநாள் வேலை நேரத்தில் போன் வந்தது. வயதான பெண் குரல். "தம்பி, நேத்து வர்றோம்னு சொன்னீங்களாம். காலையிலருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். மழையா அந்தப் பக்கம்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலை முடிந்து நேராக அந்தத் தாமானுக்குப் போனேன். பக்கத்துச் சந்தில், அடுத்த லோரோங்கிலும், ஒரு பதினெட்டாம் நம்பர் இருந்தது. கதவோரம் சக்கர நாற்காலியில் ஓர் அம்மா.

ஜாகா அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். "ஏண்ணே, அம்மா இல்லன்னு சொன்னீங்களே?"

"ஆமா. எங்கம்மா தவறி அஞ்சு வருஷம் ஆச்சு."

"சரிவு வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே?"

"வீடு வீடா போடுறீங்கன்னு நெனச்சேன் தம்பி. பக்கத்து வீட்ட விட்டுட்டு லோரிய எடுத்தப்பதான் சந்தேகம் வந்துச்சு. அதுக்குள்ள சிமெந்து காய ஆரம்பிச்சிருச்சு. உங்க மொகத்த பாத்தா சொல்ல மனசு வரல."

"ஒடைச்சிடவாண்ணே?"

"எதுக்கு? மோட்டார் சைக்கிள ஏத்த வசதியா இருக்கு."

புதன்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தேன். ஒருவர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அக்கா, "இந்த ஞாயிறு சரியான லோரோங்குக்குப் போவோம்," என்றார். போனோம், அந்த அம்மாவுக்கும் போட்டோம். படிவத்தில் அவருடைய கையெழுத்தை வாங்கிப் பெயரை நானே இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து, அறிக்கைக்குப் படம் எடுக்கப் போனேன். அந்த அம்மாவின் வீடு பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரியோ என்று பயந்து ஜாகா அண்ணனிடம் கேட்கப் போனேன். அவர் வீட்டு முன்கூடத்தில் அந்த அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் ஒரு தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கு. அண்ணன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"வா தம்பி, உக்காரு. தெனமும் சாயந்திரம் இங்க வந்துருவேன்," என்றார் அம்மா. "வேற யார் வீட்டுக்குப் போக முடியும்? எல்லா வீட்லயும் படி. கால எடுத்ததுக்கு அப்புறம் அடுத்த வீட்டுக்குள்ள வந்ததே இங்கதான்."

நான் என்ன உணர வேண்டும் என்று தெரியவில்லை. சந்தோஷம் என்றால் என் தவறைக் கொண்டாடுவது போல. வருத்தம் என்றால் இந்த இருவரும் பகிர்ந்து உண்ணும் தட்டு பொய்யாகிவிடும். சரியாகச் செய்திருந்தால் இந்த அம்மா சரிவில் இறங்கி எங்கே போயிருப்பார்? எங்கள் கூட்டங்களில் அதை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"படம் எடுக்கணும்மா," என்றேன். "உங்க வீட்டுக்குப் போவோமா?"

"இங்கயே எடுலா. அங்க போனா நான் மட்டும்தான இருப்பேன்," என்றார்.

இருவரையும் அந்த வாசலில் வைத்து எடுத்தேன். அறிக்கையில் எந்த வீடு என்று எழுதுவது என்று அக்காவிடம் கேட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கும் தெரியல தம்பி," என்றார்.