அம்சவள்ளி மறித்த வேன்

அம்சவள்ளிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துபோகும். புக்கிட் பெலிம்பிங்கில் அவளைத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தாழ்ந்த குரல்தான் பயம். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். அவள் புருஷன் இருசப்பனுக்கு அதே கம்பெனியின் எண்ணெய் ஆலையில் வேலை.

போன வருஷம், பழக்குலைகளை மேலே ஏற்றும் சங்கிலி அவன் வலது கையை இழுத்துக்கொண்டது. எலும்பு தப்பியது. உள்ளங்கை கிழிந்துபோனது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, வீட்டிலேயே இருக்கச் சொல்லி எம்சி லீவுச் சீட்டு கொடுத்தார்கள்.

மறுநாள் காலை வாசலில் ஆலை வேன் வந்து நின்றது. ஆலையின் பாதுகாப்பு அதிகாரி சேது இறங்கினான்.

"அண்ணன் ஆபிசுல வந்து சும்மா உட்கார்ந்தா போதும்கா. ஏர்கோன் இருக்கு."

"கை கிழிஞ்ச மனுஷன் எதுக்குத் தம்பி உட்காரணும்?"

சேது வேன் கதவைத் திறந்து பிடித்தான். இருசப்பன்தான் சொன்னான்: "வேலைக்கு வராம போனாத்தான் அது விபத்துன்னு கணக்கு, வள்ளி. வந்துட்டா கணக்குல ஏறாது. வருஷம் முழுக்க விபத்தே இல்லேன்னா ஆளுக்கொரு ரைஸ் குக்கர் லா. என்னால எல்லாருக்கும் கெட்டுப்போக வேணாம்."

தினமும் போனான். நாற்காலியில் கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். கட்டு மாற்றக் கிளினிக்குக்குப் போக யாரும் விடவில்லை. கை வீங்கிச் சீழ் வைத்தது. ஒருநாள் காய்ச்சலில் அங்கேயே சரிந்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அவன் வீடு திரும்பிய மறுநாளும் வேன் வந்தது. அம்சவள்ளி அதன் முன்னால் போய் நின்றாள்.

"அவரு விரல் ரெண்டும் உன் கணக்குல எங்கடா இருக்கு?"

அதுவரை அவள் சேதுவை 'டா' போட்டதில்லை.

"மேலிடத்துல சொல்றாங்கக்கா, நான் என்ன செய்ய?"

"வண்டியத் திருப்பு."

அன்றைக்கே புருஷனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, அரசாங்கத்தின் தொழிலிடப் பாதுகாப்பு ஆபிசுக்குப் போனாள். மேசைமேல் அவன் கையைத் தூக்கி வைத்தாள். "எண்ணிக்குங்க" என்றாள்.

அதிகாரிகள் ஆலைக்கு வந்தார்கள். மூடியே இல்லாத சங்கிலிக்கு மூடி வந்தது. ஆலைக்கு அபராதம். எல்லாருக்கும் கிடைக்கவிருந்த ரைஸ் குக்கரும் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். கோயிலில் அவள் நின்ற வரிசையிலிருந்து ஒருத்தி விலகிப்போனாள். அடுப்படியில் பாத்திரங்கள் உருண்டன. "சோறு வடிக்கிற சட்டிக்கு என் புருஷன் விரலா?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஒரு சாயங்காலம், அவளோடு பழம் பொறுக்கும் அன்னம்மா வந்தாள். ஓலை முள் குத்தி ஒரு கண் மங்கியவள்.

"என்னையும் இப்படித்தான் ஆபிசுல உட்கார வச்சாங்க, வள்ளி."

"அப்பவே ஏன் வாயத் தொறக்கல?" அம்சவள்ளியின் குரல் தாழ்ந்தது. அன்னம்மா அழுதாள். இவள் சமாதானம் சொல்லவில்லை. மறுநாள் அதே பஸ்ஸில் அவளை ஏற்றிக் கூட்டிப்போனாள். பிறகு இன்னும் சிலர் போனார்கள்.

இந்த வருஷம் ஒருநாள், தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு எல்லாரும் கூடி நின்றபோது, வேலைக்கு ஆள் பிரிக்கும் முன், மானேஜர் பேசினார். கம்பெனியில் காயங்கள் ரொம்பக் கூடிவிட்டனவாம், தொழிலாளிகளுக்குக் கவனம் போதவில்லையாம்.

"கூடலைங்க. இப்பத்தான் எண்ண ஆரம்பிச்சிருக்கீங்க," என்றாள் அம்சவள்ளி.

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். மானேஜர் யாரென்று தேடினார். அதற்குள் எல்லாரும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.